ஆமென் சொல்லும் முன் எழும்பிய அத்தை

அக்காமாரே, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். நாளைச் சாயங்காலம் எங்கள் வீட்டில் நடக்கும் நினைவு ஜெபம் முடியும்வரை இதை யாருக்கும் காட்டாதீர்கள். போனில் படம் எடுத்து அனுப்பிவிடாதீர்கள். சபை வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வந்தாலும் பெரியப்பா பார்த்துவிடுவார். பார்த்தால் என்னை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்தவர்களிடம் சொல்லிவிடுவார். அவர் சொன்னால் எங்கள் ஊரில் அது காய்ச்சல்தான்.

உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், ஸ்டெல்லா அத்தையோடு அண்டி ஆபீசில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்தவர்கள் நீங்கள். அத்தை என் அப்பாவின் தங்கை. கல்யாணம் ஆகவில்லை. பெரியப்பாவின் வீட்டில் பின்பக்க அறையில் இருந்தாள். அப்பா மஸ்கட்டில் வேலை பார்ப்பதால் அம்மா, நான், தம்பி ஜெபின் மூவரும் அதே வீட்டின் ஒரு பக்கத்தில் இருக்கிறோம். இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

செய்தி எனக்கு ஆட்டோவில் வந்தது. வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது, வீட்டிலிருந்து ஆள் வந்திருப்பதாக டீச்சர் சொன்னார். வாசலில் எங்கள் தெரு ஆட்டோக்கார அண்ணன் நின்றார். "அத்தைக்கு லேசா தலைசுத்தல். வேற ஒண்ணுமில்ல மக்கா, வண்டில கேறு" என்றார். தக்கலையில் ஆஸ்பத்திரிக்குப் போகும் ரோட்டில் ஆட்டோ திரும்பவில்லை. நேராகப் போனது. "அண்ணா, ஆஸ்பத்திரி அங்கல்லா?" என்று கேட்டேன். அவர் ஹார்ன் அடித்தார். முன்னால் வண்டி எதுவும் இல்லை. அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

லீலா அக்கா, நீங்கள் அன்று எங்கள் முற்றத்தில் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதீர்கள். "எனக்க தோள்ல சாஞ்சா. ஒறங்குகான்னு நெனச்சி, ஏட்டி எழும்பு, மேஸ்திரி வாறாருன்னு பரியாசம் பண்ணினேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். நீங்கள் அழ வேண்டாம் அக்கா. அத்தைக்குச் சாய ஒரு தோள் கிடைத்தது உங்களிடம்தான். அழ வேண்டியவர் வேறு ஒருவர். அவர் வீட்டில் அழவில்லை. மைக் கையில் வந்தபிறகுதான் அழுதார்.

ஜங்ஷனில் வைத்த பிளக்ஸை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அத்தையின் முகம் ஆதார் அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியது, கலங்கிப்போய் இருந்தது. அதற்குக் கீழே வெள்ளைச் சட்டையில் கைகூப்பியபடி பெரியப்பா, பளிச்சென்று. சபைக் கமிட்டி செயலாளர் என்று பேருக்குக் கீழே போட்டிருந்தார்கள். செத்தது யார் என்று வெளியூர்க்காரர்கள் குழம்பியிருப்பார்கள். பள்ளிக்கூடம் போகும் வழியில் வயல் சேற்றை எடுத்து அவர் முகத்தில் எறிந்தேன். மறுநாள் யாரோ துடைத்து வைத்திருந்தார்கள். மறுபடியும் எறிந்தேன். எந்தப் பயல் செய்தான் என்று பெரியப்பா இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். பயல்களை மட்டும்தான் விசாரிக்கிறார்.

நாளை ஜெபத்தில் வாசிக்க அத்தையின் வாழ்க்கைக் குறிப்பை அவரே எழுதி வைத்திருக்கிறார். நான் வாசிக்க வேண்டுமாம். "உனக்க தமிழு கொள்ளாம் மக்கா" என்று என் தலையில் தட்டினார். 'எதிர்த்து ஒரு சொல் பேசாதவள், குழந்தைகளின் அன்பு அத்தை, ஜெபத்தில் பொறுமையாக இருந்தவள்' என்று அதில் இருக்கிறது. ஜெபத்தில் பொறுமையாக இருந்தாளாம். எங்கள் குடும்பத்தில் ஜெபத்தின் நடுவில் எழும்பிப் போன ஒரே ஆள் அத்தைதான். ஏன் எழும்பினாள் என்பதுதான் நீங்கள் அறிய வேண்டியது.

ஜெபினுக்கு ஐந்து வயது முடிந்த மாதம். எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் இருக்கும் குழந்தைகள் அருங்காட்சியகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள் என்று அப்பா போனில் சொன்னார். பெரியப்பா ஒரு வேன் பிடித்தார். அம்மா, நான், ஜெபின், அத்தை, பெரியப்பா, அவருடைய பேத்தி ரியா. பெரியம்மாவுக்கு வேனில் போனால் வாந்தி வரும் என்பதால் வரவில்லை. அத்தை ஆபீசில் லீவு சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகும் நீலச்சேலை உடுத்தி, எல்லாருக்கும் முன்னால் வேனில் ஏறி உட்கார்ந்திருந்தாள். "நான் மியூசியம் கண்டதில்ல மக்கா. குட்டிகளுக்க தயவுல நானும் காணுகேன்" என்றாள்.

உள்ளே போனதும் கையை வைத்தால் முள் ஆடும் ஒரு கருவி இருந்தது. இரண்டு உலோகத் தகடு, மேலே ஒரு முள். உடம்பிலிருந்தே மின்சாரம் வருகிறதாம். ஜெபின் வைத்தான், முள் ஆடியது. ரியா வைத்தாள், ஆடியது. அத்தை வைத்தாள். முள் அசையவே இல்லை. உங்கள் கையும் அப்படித்தானே இருக்கும் அக்காமாரே, கொட்டை எண்ணெய் பட்டுக் கறுத்து, தோல் தடித்து. அத்தை திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பாத்தியா மக்கா, இந்த மிஷினு என்னைய ஒரு ஆளாட்டே சம்மதிக்க மாட்டேங்கு."

பெரியப்பா பின்னாலிருந்து, "கரிக்கைய வச்சு மிஷினக் கெடுத்திராத. பைசா நாமல்லா கெட்டணும்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அங்கே வேலைக்கு நின்ற மலையாளத்துப் பையன் மட்டும் சிரிக்கவில்லை. "சேச்சி, கை நனச்சிட்டு வச்சு நோக்கு" என்றான். அத்தை ஜெபினின் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையை நனைத்து வைத்தாள். முள் துள்ளிக்கொண்டு கடைசிவரை போனது. ஜெபின் கைதட்டி, "அத்தைக்குத்தான் பர்ஸ்ட்!" என்று கத்தினான். அந்தக் கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒரு மண்டபத்தின் இரண்டு கடைசியிலும் ஆளுயரத்துக்கு இரண்டு பெரிய கிண்ணங்கள் எதிரெதிராக நின்றன. ஒன்றில் வாயை வைத்து மெதுவாகப் பேசினால் மற்றதில் கேட்கும். நடுவில் நிற்பவர்களுக்குக் கேட்காது. அத்தை இந்தப் பக்கம், ஜெபின் அந்தப் பக்கம். அவள் என்னவோ சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்து, கிண்ணத்துக்குள் எதையோ சொன்னான். என்ன சொன்னான் என்று அத்தையிடம் கேட்டேன். "அண்டிப்பருப்பு ஒளிச்சு வச்சிருக்கேன், பெரியப்பா காணாம தாறேன்னேன். அவருக்க பங்கையும் எனக்கே தான்னு சொல்லுகான் கள்ளன்" என்றாள். அவர்கள் இரண்டு பேரும் அப்படித்தான் இருந்தார்கள். அன்றுவரை.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிழல் அறைக்குப் போனோம். இருட்டான அறை. ஒரு சுவர் முழுக்கப் பச்சையாக மின்னும் பூச்சு. சுவர் முன்னால் நின்றால் பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடிக்கும். நாம் விலகிப் போனாலும் நம் நிழல் சுவரிலேயே கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு மங்கும். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட்டமாக உள்ளே இருந்தார்கள். ரியா மூத்திரம் வருகிறது என்று அழுதாள். அத்தை ஜெபினின் கையைப் பெரியப்பாவின் கையில் வைத்தாள். "அண்ணே, இவனப் பிடிச்சுக்கிடுங்க. இருட்டு. கைய விடாதீங்க" என்றாள். "செரி, போ" என்றார் அவர். அப்போதுதான் வெளிச்சம் அடித்தது. சுவரில் நிழல் விழுந்தது: குனிந்திருக்கும் அத்தை, சின்ன ஜெபின், அவன் கை பெரியப்பாவின் கையில். நான் பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன். இதை யார் எத்தனை முறை மாற்றிச் சொன்னாலும் நான் பார்த்தது அதுதான்.

சாப்பாட்டுக்கூடையை வேனிலிருந்து எடுக்க அம்மா கூப்பிட்டாள், நான் போய்விட்டேன். வெளியே மரத்தடியில் பாய் விரித்து, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் எடுத்து வைத்தோம். பெரியப்பா போனில் பேசிக்கொண்டே தனியாக வந்தார். கமிட்டித் தேர்தல் நேரம். யார் ஓட்டு யாருக்கு என்று பேச்சு. பேசி முடித்துவிட்டு உட்கார்ந்தார். "ஜெபின் எங்க அத்தான்?" என்று அம்மா கேட்டாள். "ஸ்டெல்லா கொண்டு வருவா. வா, ஜெபிப்போம், ஆறிப்போவுது" என்றார்.

எங்கள் வீட்டு ஜெபம் எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெரியப்பா தொடங்கினால் எல்லாரும் கண்ணை மூட வேண்டும். ஆமென் வரும்வரை திறக்கக் கூடாது. கொசு கடித்தாலும் அசையக் கூடாது. சிறு வயதில் நான் ஒரு முறை திறந்து, அவரும் பார்த்து, இரவுச் சாப்பாடு கிடைக்கவில்லை. (அவர் எப்படிப் பார்த்தார் என்று அன்று கேட்கத் தோன்றவில்லை.) அன்றைக்கு அவர் பயணத்துக்கு நன்றி சொன்னார், ஆகாரத்துக்குச் சொன்னார், பிறகு கமிட்டித் தேர்தலுக்குப் போனார். விரோதிகளின் ஆலோசனைகளை அபத்தமாக்கும் என்று நீட்டிக்கொண்டு போனார்.

செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு அத்தையின் குரல்.

"அண்ணே, ஜெபின் எங்க?"

ஜெபம் நிற்கவில்லை.

"அண்ணே, உங்க கையிலல்லா தந்தேன். பிள்ள எங்க?"

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். பெரியப்பா கண்ணை மூடியபடியே ஒரு கையை உயர்த்தி, வண்டியை நிறுத்தும் போலீஸ்காரரைப் போல அவளை நிறுத்தினார். குரலை இன்னும் உயர்த்தி ஜெபித்தார். அத்தை அந்தக் கையைப் பார்த்தாள். ரியாவைப் பாயில் உட்கார வைத்தாள். உடனே ஓடினாள். நானும் எழும்பினேன். அம்மா கண்ணை மூடியபடியே என் பாவாடையைப் பிடித்தாள். உதறிவிட்டு ஓடினேன். பின்னால் ஜெபம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நிழல் அறை பூட்டியிருந்தது. மதியச் சாப்பாட்டு இடைவேளை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெளியே போனதும் உள்ளே யாரும் இல்லை என்று நினைத்துப் பூட்டியிருக்கிறார்கள். காவலாளி டிபன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "அகத்து ஆருமில்ல சேச்சி" என்றார். அத்தை இரண்டு கையாலும் கதவை அடி அடியென்று தல்லினாள். உள்ளிருந்து அழுகைச் சத்தம் வந்தது. காவலாளி அவசரத்தில் திணித்த சாவி துவாரத்தில் ஏறவில்லை. அத்தை பிடுங்கித் தானே திறந்தாள்.

வெளிச்சம் அடிக்கும் கருவியை யாரும் அணைக்கவில்லை. அது தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. சுவரில் அவனுடைய சின்ன நிழல், இரண்டு கையாலும் தலையை மூடியபடி. அவன் மூலையில் இருந்தான். தன் நிழலையே பார்த்துப் பேடித்துப்போய், கால்சட்டை நனைந்து. "பேடிக்காத மக்கா, அத்தை வந்துட்டேன், அத்தையாக்கும்" என்று அவள் வாரி எடுத்தாள். அவன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அப்போது இன்னொரு வெளிச்சம் அடித்தது. சுவரில் விழுந்தது ஒரே நிழல். எது அவள், எது அவன் என்று பிரிக்க முடியாது.

திரும்பி வந்தபோது ஆமென் முடிந்து பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காவலாளியும் வேடிக்கை பார்க்க நாலு பேரும் பின்னாலேயே வந்தார்கள். அவர்களைப் பார்த்ததும்தான் பெரியப்பா எழும்பினார். "பிள்ளைய நீதானே கூட்டிட்டுப் போன? உன்னைய நம்பி ஒரு பிள்ளைய விடலாமா? ஜெபத்துக்க நடுவுல எழும்பி ஓடுகா, பைத்தியக்காரி!" என்றார். அத்தை ஜெபினின் கால்சட்டையை மாற்றிக்கொண்டிருந்தாள்.

வேனில் நான் சொன்னேன். "அத்தை உங்க கையிலதான் குடுத்தா பெரியப்பா. நான் கண்டேன்." கன்னத்தில் அடி விழுந்தது. அடித்தவர் பெரியப்பா இல்லை. அம்மா. அடித்துவிட்டு அம்மாதான் அழுதாள்.

பிறகு நடந்தது உங்களுக்குப் பாதி தெரியும். அத்தை இருட்டறையில் பிள்ளையை விட்டுவிட்டுப் போனாள் என்று சபை முழுக்கப் பரவியது. ஓய்வுநாள் பள்ளியில் சின்னக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்து அவளை எடுத்தார்கள். எடுத்த கையெழுத்து செயலாளருடையது. ஜெபினை அவள் தொடக்கூடாது என்றார் பெரியப்பா. அதோடு விட்டாரா? ஜெபின் சாப்பிட அடம்பிடித்தால், "ஏலே, உண்ணாட்டா ஸ்டெல்லா அத்தை வந்து இருட்டு ரூம்ல பூட்டிப்போடுவா" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அவனும் அவசரமாக விழுங்குவான். கொஞ்ச நாளில், யார் பூட்டினார்கள், யார் திறந்தார்கள் என்பது அவனுக்குக் குழம்பிவிட்டது. அத்தை வேலை முடிந்து வரும்போது சேலை முந்தியில் அண்டிப்பருப்பு முடிந்து கொண்டுவருவாள். இவன் அவளைக் கண்டதும் அலறிக்கொண்டு உள்ளே ஓடுவான். அவள் முடிச்சை அவிழ்க்காமலேயே பின்பக்கம் போவாள்.

ஒரு நாள் அடுக்களையில் மரச்சீனி தோலுரிக்கும்போது கேட்டேன். "ஏன் அத்தை, நீங்க ஒண்ணும் சொல்லாம இருக்கிய?"

"நான் சொன்னா அண்ணனும் தம்பியும் பிரிவாவும். உனக்க அப்பாவுக்க விசா ஆருக்க கூட்டுக்காரன் கையில இருக்கு? அண்ணனுக்க கூட்டுக்காரன். விடு மக்கா."

"அப்பம் ஜெபத்துக்க நடுவுல மட்டும் எப்படி எழும்பினிய?"

கத்தியைக் கீழே வைத்தாள். "கண்ண அடச்சா கர்த்தர் தெரிவாராயிருக்கும். பிள்ள தெரியாதுல்லா" என்றாள். பிறகு, நான் இதை வெளியே சொல்லிவிடுவேனோ என்று பயந்தவள் போல, "மரச்சீனியப் பாத்து வெட்டு, கைய வெட்டிராத" என்றாள்.

அடக்கத்தன்று பெட்டி மூடும் முன் எல்லாரும் நெற்றியில் முத்தம் கொடுத்தோம். ஜெபினையும் பெட்டிப் பக்கம் தூக்கிக்கொண்டு போனார்கள். "வேண்டாம், அத்தை பூட்டிருவா, பெட்டிக்குள்ள பூட்டிருவா" என்று கதறினான். எல்லாரும் பிள்ளைக்குப் பயம் என்றார்கள். பெரியப்பா அவனைத் தட்டிக்கொடுத்தார். அத்தைக்கு அவன் முத்தம் கிடைக்கவில்லை. இதை நான் பெரியப்பாவுக்கு மன்னிக்கமாட்டேன். மன்னிக்கச் சொல்லி உபதேசியார் வந்தாலும் மன்னிக்கமாட்டேன்.

நாளை என்ன செய்யப்போகிறேன் என்று சொல்கிறேன். அவர் எழுதியதை நான் வாசிக்கமாட்டேன். அவர் கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கட்டும். எல்லாரும் மூடட்டும். நான் எழும்பி, ஜெபினின் கையைப் பிடித்துக்கொண்டு, நடந்தது முழுவதையும் சத்தமாகச் சொல்வேன். அவர் கையை உயர்த்தி நிறுத்துவார். நான் நிற்கமாட்டேன். அவர் கண்ணைத் திறக்கும்போது சபை முழுவதும் ஏற்கெனவே கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த முகத்தை நான் பார்க்க வேண்டும். அது போதும் எனக்கு. இல்லை, போதாது, ஆனால் அதிலிருந்து தொடங்கலாம். அப்பாவின் வேலை போய்விடலாம், தெரியும். அப்பா, நீங்கள் இதைக் கேள்விப்பட்டால் என்னைத் திட்டுங்கள். ஆனால் உங்கள் மகனை இருட்டிலிருந்து எடுத்தது யார் என்று தெரிந்துகொண்டு திட்டுங்கள்.

அக்காமாரே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நாளை நீங்கள் வரும்போது என்னைக் காணவில்லை என்றால், காய்ச்சல் என்று சொன்னால் நம்பாதீர்கள். உங்களில் ஒருவர் எழும்புங்கள்.

அத்தையின் நீலச்சேலையைப் பெரியம்மா எடுத்துக்கொண்டாள். வேதாகமம் அம்மாவிடம் இருக்கிறது. எனக்கு யாரும் எதுவும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. எல்லாரும் கண்ணை மூடியிருக்கும்போது அவள் எழும்பினாளே, அது எனக்கு. அதை இந்த வீட்டில் வேறு யாரும் எடுத்துக்கொள்ள வரமாட்டார்கள்.

ஜெபின் என் பக்கத்தில் தூங்குகிறான். அன்றிலிருந்து அவனுக்கு இருட்டில் தூக்கம் வராது, அதனால் இந்த அறையில் எப்போதும் லைட் எரியும். ஏன் எரிகிறது என்று யாரும் கேட்பதில்லை. பெரியப்பா செய்த காரியத்தின் வெளிச்சத்தில்தான் அவரைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். தூங்கும் முன் அவனிடம் கேட்டேன். "அன்னைக்கு அந்தக் கதவத் திறந்து உன்னைய எடுத்தது ஆரு?" "கறுப்புக் கை" என்றான். "ஆருக்க கை மக்கா?" என்று கேட்பதற்குள் தூங்கிவிட்டான். நாளைக் காலையில் மறுபடியும் கேட்பேன். ஜெபம் தொடங்கும் முன் அவன் வாயால் அந்தப் பேர் வர

கதவைத் தட்டுகிறார்கள். "ஏட்டி, என்ன எழுதுக? திற" என்கிறார். பெரியப்பா குரல். இன்னும் பலமாகத் தட்டுகிறார். ஜெபின் எழும்பி உட்கார்ந்துவிட்டான். கதவையே பார்க்கிறான். அழவில்லை. "அத்தையா?" என்று கேட்கிறான். சிரித்துக்கொண்டு கேட்கிறான் லீலா அக்கா, நாளைக்குக் கண்ணை மட்டும்